பலலைக்காவில் நொண்டும் விரல்

அன்புள்ள ஐயா,

பத்து ஆண்டுகள் வீணை கற்றவள் நான். மூன்று தந்திகள் கொண்ட ரஷ்ய வாத்தியமான பலலைக்காவில், தனியாக வாசிக்கும் அளவான பிரைமா ஒன்று கைக்கு வந்து எட்டு மாதமாகிறது. மெதுவான மெட்டுகள் சரியாக வருகின்றன. துரித உருப்படிகளில் மட்டும் இரட்டைப் பிட்சிகாட்டோ, அதாவது கட்டைவிரல் கீழே, ஆள்காட்டி விரல் மேலே என்று மாறி மாறி மீட்டுவது, நொண்டிக் குதிரைபோல ஓடுகிறது. தந்தியை மீட்டும் சிறு தகடான பிளெக்ட்ரம் பிடித்தால் தீருமா?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

பிளெக்ட்ரம் வேண்டாம். அந்த ஓசைதான் வேண்டுமென்றால், பிளெக்ட்ரத்தால் வாசிக்கும் இன்னொரு ரஷ்ய வாத்தியமான டோம்ரா வாங்கிக்கொள்ளலாம். பலலைக்கா குடும்பத்தில் தோல் பிளெக்ட்ரம் பாஸ், கான்ட்ராபாஸ் போன்ற பெரிய உருவங்களுக்கு உரியது. 1880களில் ரஷ்ய இசைக்கலைஞர் வசீலி அந்திரேயெவ் கிராமத்துப் பலலைக்காவை மேடைக்காகத் திருத்தி அமைத்தபோதும் பிரைமா விரலால் வாசிக்கும் வாத்தியமாகவே இருந்தது.

நொண்டலுக்குக் காரணம் உங்கள் வீணைதான் என்று நினைக்கிறேன். அதில் ஆள்காட்டியும் நடுவிரலும் ஒரே திசையில் மீட்டுகின்றன. மேல்நோக்கி மீட்டும் வேலை தாளத் தந்திகளில் சுண்டுவிரலுக்குத்தான். உங்கள் ஆள்காட்டி விரலுக்கு அந்தத் திசையே புதிது. கட்டைவிரலோ பிறவிப் பலசாலி. ஆகவே ஒரு ஸ்வரம் முழக்கம், அடுத்தது முனகல். விளம்பத்தில் காது இதை மன்னித்துவிடும், துரிதத்தில் மன்னிக்காது.

மருந்து உங்களிடமே இருக்கிறது: திஸ்ரம். எஃகுத் தந்தியில் ஒரே ஸ்வரத்தை 'தகிட தகிட' என்று மும்மூன்றாக வாசித்து, ஒவ்வொரு 'த'வையும் அழுத்துங்கள். முதல் 'த' கட்டைவிரலில் விழுந்தால் அடுத்த 'த' ஆள்காட்டியில் விழும். அது ஒளிந்துகொள்ள இடமில்லை. விரல்களைக் கிள்ளுவதுபோல் மடக்காதீர்கள். பூட்டில் சாவி திருப்புகிற மாதிரி முன்கை சுழல, விரல்கள் அதனுடன் போகட்டும்.

மாஸ்கோவில் மாணவனாக இருந்தபோது எனக்குக் கற்றுத்தந்த பெரியவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, நான் வாசிக்க வாசிக்க ஓசையை வைத்தே ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் எந்த விரல் என்று சொல்லிக்கொண்டே வருவார். அவர் தவறாகச் சொல்லும்வரை வேகம் கூட்ட அனுமதி கிடையாது. எனக்கு நான்கு மாதம் பிடித்தது. இத்தாலிய வயலின் மேதை பகானினியின் மெட்டுக் கருவை வைத்துப் பலலைக்காக் கலைஞர் பாவெல் நெச்செபொரென்கோ பலலைக்காவுக்கு அமைத்ததைக் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெரியவரே திணறியிருப்பார்.

இன்னொன்று. 'லா' எஃகுத் தந்தியிலிருந்து 'மி' நைலான் தந்திக்கு இறங்கும்போது விரல் சற்றுப் புதையும். அந்த இறக்கத்தை மட்டும் தனியாகப் பழகுங்கள்.

நகத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. மேல்நோக்கி மீட்டுவதற்கு நான் விரல்நுனிச் சதையைத்தான் நம்புகிறேன், நீண்ட நகம் தந்தியில் மாட்டிக்கொள்ளும். வீணைக்காக வளர்த்த நகத்தை வெட்டுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. கொஞ்சம் அரம் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.