கொசுவர்த்திச் சுருள்

அன்புள்ள ஐயா,

ஆழ்கடல் மீன்களில் புதிய ஒட்டுண்ணிப் புழு இனங்களைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளை நூல் மாதிரி எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும்? இது புதுசு என்று எதைவைத்துச் சொல்கிறார்கள்? அப்புறம், இனி மீன் சாப்பிடலாமா?

செல்வி

அன்புள்ள செல்வி,

தாராளமாகச் சாப்பிடலாம். கொதித்த குழம்பில் எந்தப் புழுவும் பிழைக்காது (செத்த புழுவே சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பது வேறு விஷயம்). பச்சையாகத் தின்பவர்கள்தான் மீனை மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் உறையவைக்க வேண்டும்.

இப்போது புழுவுக்கு வருவோம். போர்ச்சுகலின் மதீராத் தீவில் ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குத் தூண்டில் இறக்கி, கன்னங்கரேலென்று ஒரு மீன் பிடிப்பார்கள். சாவாளைக்குக் கரி பூசியது போலிருக்கும். இரண்டும் ஒரே குடும்பம்தான். அதன் வயிற்றைக் கீறினால் அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழுவின் லார்வாக்கள் (வளராத குட்டிப் புழுக்கள்) கொசுவர்த்திச் சுருள்போல ஒட்டிக் கிடக்கும். பிரித்தால் இரண்டு சென்டிமீட்டர் வரும்.

நீங்கள் சொன்னது சரி, எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். இந்தப் புழுக்களை இனம்பிரிக்க முக்கியமாகப் பார்ப்பது ஆண்புழுவின் வால்பகுதியை. லார்வாவுக்கு அதெல்லாம் இன்னும் வளரவே இல்லை. மீன் அதற்கு வழியில் ஒரு சத்திரம். பருவமடைவது திமிங்கிலத்தின், டால்ஃபினின் வயிற்றில். லார்வாவைக் கிளிசரினில் ஊறப்போட்டு, உடல் தெளிந்ததும் நுண்ணோக்கியில் வைத்தால் உணவுக்குழாய்க்கும் குடலுக்கும் நடுவில் ஒரு சிறு பகுதி தெரியும். அது நீளமா குட்டையா, வால்நுனியில் முள் உண்டா? இதைவைத்து நார்வேக்காரர் பியோர்ன் பெர்லாண்ட் 1961இல் லார்வாக்களை இரண்டு வகையாகப் பிரித்தார். கண்ணுக்கு அதற்குமேல் வழியில்லை.

1980களில் இத்தாலிய ஆய்வாளர்கள் புழுக்களின் நொதிகளை (உடலின் வேதிவேலையைச் செய்யும் புரதங்களை) மின்புலத்தில் ஓடவிட்டு, எது எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பார்த்தார்கள். 'அனிசாகிஸ் சிம்ப்ளெக்ஸ்' என்று ஒரே பெயரில் கூப்பிட்டுவந்தது உண்மையில் ஒன்றோடொன்று இனக்கலப்பு செய்யாத தனித்தனிக் கூட்டங்கள் என்று தெரிந்தது. ஆக, பல 'புதிய' இனங்கள் பழைய ஜாடிக்குள்ளேயே இருந்தவை. அப்படிப் பிரிந்த ஒன்று பல வருஷம் வெறும் 'சி' என்ற எழுத்தோடு காத்திருந்து, 2014இல்தான் 'அனிசாகிஸ் பெர்லாண்டி' ஆயிற்று. ஆமாம், அதே நார்வேக்காரர் பெயர்தான்.

இன்றைக்கு மரபணு வரிசையைப் படிக்கிறார்கள். ஃபார்மலினில் போட்ட புழு அதற்கு லாயக்கில்லை, டி.என்.ஏ. சிதைந்துவிடும். அதனால் ஒரே புழுவை மூன்றாக வெட்டுகிறார்கள்: தலையும் வாலும் நுண்ணோக்கிக்கு, மரபணுவுக்கு நடுத்துண்டு, ஆல்கஹாலில்.