அன்றைய பொழுதை நினைத்துப் பார்த்தால் பாதியில் நித்திரை வந்துவிடுகிறதே!

கேள்வி: வயது 47. உப்புவெளியில் வசிக்கிறேன், திருகோணமலை நகரில் அலுவலக வேலை. மறதி கூடிவிட்டது என்று, இரவில் படுத்தபடி கண்ணை மூடி, காலையில் எழும்பியதிலிருந்து நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்க்கும் பயிற்சியை இரண்டு மாதமாகச் செய்கிறேன். காலைச் சாப்பாட்டிலேயே தடக்கி நின்றுவிடுகிறது. மிச்சத்தைப் பிடிக்குமுன் நித்திரை. நித்திரை வராத நாட்களில் யாரோடாவது கதைத்ததில் பிழைவிட்ட இடம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. நேற்றும் முந்தநாளும் கலந்துபோகின்றன. வருவது சரியா என்றும் தெரியவில்லை. இவ்வளவு செய்தும் ஆட்களின் பெயரும் சாவி வைத்த இடமும் மறக்கின்றன. பயிற்சியை விட்டுவிடவா? எழுதாமல் மனதுக்குள் செய்தால் போதாதா?
— பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

விடவேண்டாம். ஆனால் படுக்கையில் செய்வதை இன்றிரவே நிறுத்திவிடுங்கள். விளக்கை அணைத்துத் தலையணையில் தலை வைத்தால் உடம்பு நித்திரைக்குத்தான் ஆயத்தமாகும், அதோடு சண்டை பிடித்து வெல்ல முடியாது. இரவுச் சாப்பாடு முடிந்து, தொலைக்காட்சி நாடகம் தொடங்குமுன், கதிரையில் நிமிர்ந்து இருங்கள். மேசையில் ஒரு கொப்பி, ஒரு பென்சில். கைத்தொலைபேசி வேறு அறையில். 10 நிமிடம் போதும். 15 நிமிடத்தைத் தாண்டினால் மறுநாள் அந்தக் கதிரைக்கு வரவே மனம் வராது.

அடுத்தது காலைச் சாப்பாடு. அதை நினைவுபடுத்த முடியாமல் போவது நோயே இல்லை. நாள்தோறும் ஒரே குசினி, ஒரே நேரம், பாண் அல்லது பிட்டு, அவசரம். நூறு காலைகளை மூளை ஒரே காலையாகத்தான் சேர்த்து வைத்திருக்கிறது. அதற்குள் இன்றைய காலையைத் தனியே பிரித்தெடுப்பதுதான் அன்றைய நாளிலேயே ஆகக் கடினமான வேலை. நீங்களோ அதில்தான் தொடங்குகிறீர்கள்! எழும்பியதிலிருந்து வரிசையாகப் போவது ஒழுங்காகத் தெரியும், ஆனால் தொடக்கக்காரருக்கு அதைவிட மோசமான வழி இல்லை. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு போவதும் அப்படித்தான். வாகெனார் என்ற நெதர்லாந்து உளவியலாளர் ஆறு ஆண்டுகளாகத் தன் வாழ்க்கையில் நடந்த ஏறத்தாழ 2400 சம்பவங்களை யார், என்ன, எங்கே, எப்போது என்று குறித்துவைத்து, பிறகு அந்தக் குறிப்புகளால் தன்னையே சோதித்து 1986இல் வெளியிட்டார். ‘என்ன’ என்ற குறிப்பு ஆகக் கூடுதலாக உதவியது. ‘எப்போது’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒன்றையும் மீட்க முடியவில்லை. ஆகவே “எட்டு மணிக்கு என்ன செய்தேன்?” என்று மனதைக் கேட்காதீர்கள்.

‘என்ன’ என்பதைத்தானே நீங்கள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள், அது கையில் இல்லை. கையில் இருப்பவை இடமும் ஆட்களும். முதல் இரண்டு நிமிடத்தில் அன்று கால் வைத்த இடங்களை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: வீடு, பஸ் தரிப்பிடம், பஸ், அலுவலகம், சந்தை, காளி கோயில் வாசல், வீடு. சம்பவம் ஒன்றும் வேண்டாம், இடம் மட்டும். பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் நேரே அங்கே பக்கத்தில் நின்ற ஆள். அதன்பிறகுதான் என்ன கதைத்தது, என்ன நடந்தது என்பது. பஸ் என்று எழுதியபோது வராதது, பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாவின் மடியில் கிடந்த பை ஞாபகம் வந்ததும் தானாக வரும். இடப்பட்டியலில் எங்காவது வெறுமையாக இருந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்: வீட்டுப் படலை, அதற்கு முன் ஓட்டோ, அதற்கு முன் சந்தையில் கடைசியாகக் காசு கொடுத்த கடை. முன்னோக்கிப் போகும்போது ‘இப்படித்தான் நடந்திருக்கும்’ என்ற வழமை வாய்ப்பாடு ஓடிக்கொண்டே இருக்கும். பின்னோக்கினால் அது ஓடாது. நாள் முழுவதையும் பின்னோக்கிச் செய்ய வேண்டாம், அது வெறும் களைப்பு.

முழு நாளையும் பிடிக்கும் ஆசையையும் விடுங்கள். பட்டியல் முடிந்ததும் மூன்றே மூன்றை எடுத்து ஆழமாக எழுதுங்கள்: ஒரு உரையாடல் (யார் முதலில் தொடங்கியது, அவர் சொன்ன ஒரு வசனம், நீங்கள் சொன்ன மறுமொழி), கண்ணால் கண்ட ஒன்று, ஒரு இலக்கம் அல்லது பெயர். மீன் வாங்கியிருந்தால் பாரையா சூரையா, கிலோ என்ன விலை சொன்னான், எவ்வளவுக்கு இறங்கினான். தெருவில் மான் நின்றது என்று எழுதுவதில் பயனில்லை, திருகோணமலையில் அது நாளாந்தம். அந்த மான் யாருடைய கீரைக்கட்டை இழுத்தது என்றால் எழுதுங்கள். அன்றைக்கு மட்டும் உரிய ஒரு விபரமாவது இல்லாத இடத்தில் ‘வழமை’ என்று ஒரு சொல் போட்டுவிட்டுக் கடந்து போங்கள். நேற்றும் முந்தநாளும் கலப்பது இந்த விபரம் இல்லாததால்தான். ஒவ்வொரு நாளுக்கும் அப்படி ஒன்றிரண்டு இருந்தால் கலக்காது.

சிக்கிக்கொண்டால் அரை நிமிடம் பொறுங்கள். வேறொரு பிடியை (ஆள், சத்தம், மணம், கையில் இருந்த சாமான்) ஒருமுறை முயன்று பாருங்கள். வராவிட்டால் கோடு போட்டு இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள். பலருக்கு விட்ட இடம் மறுநாள் பல் தீட்டும்போது வரும்.

வருவது சரியா என்ற உங்கள் சந்தேகம் நல்ல சந்தேகம். எங்களுக்குக் கிடைக்கும் கடிதங்களில் இதைக் கேட்பவர் குறைவு. மனம் இடைவெளியை விரும்பாது. உண்மையில் நடந்தது கிடைக்காவிட்டால் வழக்கமாக நடப்பதை எடுத்து ஒட்டிவிடும், ஒட்டியதும் அது நடந்ததைப் போலவே தெரியும். அதனால் எழுதும்போதே இரண்டு குறி வைத்துக்கொள்ளுங்கள்: நிச்சயமானதற்குச் சரிக்குறி, ‘இருந்திருக்கும்’ என்பதற்குக் கேள்விக்குறி. முழுதும் எழுதி முடித்தபிறகு மட்டும் சாட்சிகளைப் பாருங்கள்: கடைப் பற்றுச்சீட்டு, பஸ் டிக்கெட், அழைப்புப் பட்டியல், வாட்ஸ்அப், வீட்டில் உள்ளவர்கள். பிழைகளை வேறு நிறப் பேனையால் திருத்துங்கள். சரிக்குறி போட்டும் பிழைத்தவை எவை என்று பார்த்தால் உங்கள் மனம் எந்த இடத்தில் கதை கட்டுகிறது என்பது ஓரிரு வாரத்தில் தெரிந்துவிடும். பெரும்பாலும் நேரமும் யார் சொன்னது என்பதும்தான் பிழைக்கும்.

முன்கூட்டியே தொலைபேசியைப் பார்த்துவிட்டு எழுதினால் அன்றைய பயிற்சி வீண். பார்த்து எழுதுவது இலகுவாகத்தான் இருக்கும், பக்கமும் நிறையும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006இல் மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்துச் செய்த ஆய்வில், இரண்டாம் முறையும் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைத்து எழுதியவர்கள் 56 வீதமும் மீண்டும் படித்தவர்கள் 42 வீதமும் ஒப்புவித்தார்கள். தேடும் சிரமம்தான் பயிற்சி. இரவில் ‘கஷ்டமாக இருக்கிறது’ என்று நீங்கள் சலித்துக்கொள்வது அது வேலை செய்கிற நேரம்.

அதைக் கொஞ்சம் குறைக்க ஒரு வழி உண்டு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு நிமிடம், எழுதாமலே, காலைப் பொழுதின் இடங்களையும் ஆட்களையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885இல் பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து அளந்தபோது, முதல் ஒரு மணித்தியாலத்தில் போனது பாதிக்கு மேல். முதல் நாளுக்குப் பிறகு ஒரு மாதம் முழுவதும் போனது அதைவிட மிகக் குறைவு. வாழ்ந்த நாள் அசைகளைப் போல் அவ்வளவு வேகமாகக் கரையாது, ஆனால் கரைகிற ஒழுங்கு அதேதான்: முதலில் வேகம், பிறகு ஆறுதல். இரவு வரை ஒன்றையும் தொடாமல் விட்டால் காலைப் பொழுதில் மிஞ்சுவது சக்கைதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை கூட. கொப்பியைத் திறக்காமல் வியாழக்கிழமை எழுதிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். இதைச் செய்யாதவர்களுக்கு அன்றன்று நன்றாக வரும், மாத முடிவில் ஒன்றும் மிஞ்சாது.

இனிச் சாவியும் பெயரும். இங்கே உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. இரவுப் பயிற்சி இவை இரண்டுக்கும் நேரடியாக உதவாது. எரிக்சன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1980இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கல்லூரி மாணவன் 230 மணித்தியாலத்துக்கு மேல் பழகி, கேட்ட இலக்கங்களை வரிசையாகத் திருப்பிச் சொல்வதில் 7இலிருந்து 79 வரை போனான். எழுத்துகளைக் கொடுத்ததும் பழையபடி ஆறுக்கு வந்துவிட்டான்! எதைப் பழகுகிறோமோ அதுதான் வளரும். சாவி மறப்பது மீட்பதில் உள்ள குறையில்லை. வைக்கும்போது கவனம் வேறெங்கோ இருந்தது, அதனால் அது பதியவே இல்லை. வைக்கும் கணத்தில் வாய்விட்டு “சாவி, பிரிட்ஜுக்கு மேல்” என்று சொல்லுங்கள். அதைவிட மேல், கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து அங்கேயே மாட்டுவது. ஆணி மறக்காது. பெயருக்கு, கேட்ட உடனே மறுமொழியில் ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லுங்கள், ஒரு நிமிடத்தில் மனதுக்குள் ஒருமுறை, விடைபெறும்போது ஒருமுறை. புதிய ஆளிடம் “எந்த இடம்?” என்று கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம்தானே, அதையே பிடியாக வைத்துக்கொள்ளுங்கள். மூதூரா, தம்பலகாமமா, கிண்ணியாவா என்று ஊரோடு பெயரைச் சேர்த்தால் வெறும் பெயரைவிட நிற்கும். அன்றிரவு கொப்பியில் ‘ஒரு பெயர்’ என்ற இடத்தில் அதையே எழுதுங்கள். பயிற்சி பெயருக்கு உதவுவது அந்த வழியில்தான்.

பிழைவிட்ட பேச்சு திரும்பத் திரும்ப வருவது வேறு விடயம். அது மனஉளைச்சல், நினைவுகூரல் ஆகாது. எழுதினால் என்ன நடந்தது என்று ஒரு வரி, ‘ஏன் அப்படிச் சொன்னேன்’ என்ற விசாரணை வேண்டாம். வரி முடிந்ததும் அடுத்த இடத்துக்குப் போங்கள். கதிரைக்கு மாறியதும் இது பாதி குறையும், இருட்டில் படுத்திருக்கும்போதுதான் அது வளர்கிறது. அன்றைய நாளைத் தேடப்போய் யுத்த காலமோ 2004 சுனாமியோ மேலே வந்து நெஞ்சு படபடத்தால் பயிற்சியை உடனே நிறுத்துங்கள். இது தனியே பழகிச் சரிக்கட்டுகிற விடயமில்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம், அல்லது ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டலாம்.

மறதி கூடிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், எவ்வளவு காலத்தில் என்று இல்லை. சில மாதத்துக்குள் கூடியிருந்தால் முதலில் ஒரு வைத்தியரைக் காணுங்கள். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, குறட்டையால் கெடும் நித்திரை, மாதவிடாய் நிற்கும் காலத்து நித்திரைக் குறைவு எல்லாம் மறதியாகத்தான் முகம் காட்டும். தடிமனுக்கோ நித்திரைக்கோ வழக்கமாகக் குளிசை போடுபவரானால் அதையும் சொல்லுங்கள். பழகிய பாதை தடுமாறுவது, ஒரே கேள்வியை ஒரே நாளில் திரும்பக் கேட்பது என்றால் பிற்போட வேண்டாம்.

தவறிய நாளை மறுநாள் இரவு உட்கார்ந்து நிரப்பாதீர்கள், இரண்டும் குழம்பும். காலையில் தேத்தண்ணீரோடு நேற்றைய இடங்களில் மூன்றை நினைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். எழுதாமல் செய்யலாமா என்றால், முதல் ஆறு வாரம் கூடாது. மனதுக்குள் செய்யும்போது கேள்விக்குறி போட ஆளில்லை, எல்லாமே சரியாக வந்ததாகத் தோன்றும். ஆறு வாரத்துக்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் எழுதி, மற்ற நாட்களில் மனதுக்குள் செய்யலாம். ஞாயிறு ஒப்பீட்டில் பிழை கூடினால் திரும்பக் கொப்பியை எடுங்கள்.