கலைத்திட்டம் பயன் தருகிறதா என்பதை எதைக்கொண்டு அறிவது?

கேள்வி: என் மகள் எங்கள் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். மலேசியாவில் ஆறாம் ஆண்டு முடிவில் நடந்த யு.பி.எஸ்.ஆர். பொதுத்தேர்வு இருந்த காலத்தில் ஒரு பள்ளி எத்தனை ‘ஏ’ வாங்கியது என்று கேட்டாலே போதும். இப்போது வரும் அறிக்கையில் பாடந்தோறும் 1 முதல் 6 வரை ஓர் அடைவுநிலை மட்டும் இருக்கிறது. கலைத்திட்டம் (எதை, எப்படிக் கற்பிப்பது என்ற திட்டம்) பயன் தருகிறதா என்பதை இதிலிருந்து எப்படி அறிவது? எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாசிப்புக்காக ஒரு மாலை வகுப்பும் தொடங்கவிருக்கிறது; அதை எப்படித் திட்டமிடுவது?
- ஒரு தாயார், சுங்கை சிப்புட்

பதில்: யு.பி.எஸ்.ஆர். 2021ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அது இருந்தபோதும் மாணவரைத்தான் தரம் பிரித்தது. கலைத்திட்டத்தையே அளந்துவிட்டதாக நாம் கருதிக்கொண்டோம்.

அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949இல் நான்கு கேள்விகளை முன்வைத்தார். பள்ளி அடைய விரும்பும் நோக்கங்கள் எவை, அவற்றை அடையத் துணைபுரியும் கற்றல் அனுபவங்கள் எவை, அந்த அனுபவங்களை எப்படி ஒழுங்குபடுத்துவது, நோக்கம் நிறைவேறியதா என்பதை எப்படி அறிவது என்பனவே அவை. மதிப்பீடு கடைசியில் வந்தாலும், அதன் அளவுகோல் முதல் கேள்விக்கான பதிலிலேயே இருக்கிறது. நோக்கம், அனுபவம், மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லையென்றால், குறைந்த அடைவுக்குப் பிள்ளையை மட்டும் காரணமாக்குவது நியாயமாகாது.

கட்டுரைப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மாணவர் தம் கருத்தைக் கோவையாக எழுதுவர்’ என்பது நோக்கம் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பிலோ மாதிரிக் கட்டுரையை மனனம் செய்ய வைக்கிறார்கள்; சோதனையிலும் அதே தலைப்பு வருகிறது. எல்லாரும் உயர்ந்த நிலையை எட்டிவிடுவார்கள், ஆனால் அங்கே அளக்கப்பட்டது நினைவாற்றல்தான். செம்பனைத் தோட்டத்தில் தான் நேரில் கண்ட ஒரு வேலையைப் பற்றி எழுதச் சொன்னால் அதே பிள்ளை நான்கு வரிக்கு மேல் நகராமல் நிற்கலாம். கலைத்திட்டத்தின் உண்மையான குறை அப்போதுதான் வெளிப்படும். நம் பள்ளிகளில் மிகுதியாகக் கவனிக்கப்படாமல் போவது இதுவே என்பது என் உறுதியான கருத்து.

அடைவுநிலையை மதிப்பெண்ணாகவோ வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதாகவோ வாசிக்க வேண்டாம். கற்றல் தரத்தில், அதாவது அந்த ஆண்டில் மாணவர் கற்றிருக்க வேண்டியவற்றின் பட்டியலில், கூறப்பட்டதைப் பிள்ளை எந்த அளவுக்குச் செய்துகாட்டுகிறாள் என்பதைச் சொல்லும் குறியீடு அது. ஆகவே ஆசிரியரைச் சந்திக்கும்போது, “ஏன் 3 கொடுத்தீர்கள்?” என்பதற்கு மாறாக, “எதைச் செய்து காட்டியதால் 3 கிடைத்தது, 4ஐ அடைய இன்னும் எதைச் செய்ய வேண்டும், டீச்சர்?” என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான விடை கிடைத்தால், அந்த வகுப்பில் நோக்கமும் மதிப்பீடும் பொருந்தியிருக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம்.

மாலை வகுப்புக்கு, கலைத்திட்டம் வகுப்பது பற்றிக் கல்வியாளர் ஹில்டா தாபா 1962இல் எழுதிய வழிமுறை பொருத்தமாக இருக்கும். தேவையைக் கண்டறிவதே அதில் முதல் படி. நோக்கம், உள்ளடக்கம், நடவடிக்கை எல்லாம் அதன் பிறகுதான். எனவே புத்தகம் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒருவனுக்கு எழுத்தே தடுமாறும். இன்னொருத்தி சரளமாக வாசித்துவிட்டுப் பொருள் கேட்டால் விழிப்பாள். இவ்விருவருக்கும் ஒரே பயிற்சித் தாளைக் கொடுப்பதில் பயனில்லை. இரண்டு மூன்று பிள்ளைகளோடு சில வாரம் நடத்திப் பார்த்துத் திருத்திய பிறகு வகுப்பை விரிவாக்கலாம்.

ஒரு முறை மட்டும் அளந்தால் மாற்றம் தெரியாது என்பதை டைலரும் வலியுறுத்தியிருக்கிறார். வகுப்பு தொடங்கும் வாரத்தில் ஒரு பதிவு, முடியும்போது இன்னொன்று, நீண்ட பள்ளி விடுமுறைக்குப் பின் மற்றொன்று எனக் குறித்து வையுங்கள். முதல் பதிவு இல்லாவிட்டால், முடிவில் காணும் திறன் மாலை வகுப்பால் வந்ததா, முன்பே இருந்ததா என்று சங்கக் கூட்டத்தில் யாராலும் சொல்ல முடியாது.