மறு: கண்ணுக்குள் பறக்கும் கொசு

வெள்ளைச் சுவரைப் பார்த்தால் கொசுபோல ஏதோ நெளிகிறது, உற்றுப் பார்த்தால் நழுவுகிறது, இரவில் தெரிவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது வெளியே இல்லை, ஐயா. (நானும் கையை வீசி விரட்டியவன்தான்.) விழிக்குள் நிறைந்திருக்கும் கூழ் வயது ஏற ஏற நீர்த்து, அதன் நுண்ணிழைகள் திரண்டுகொள்கின்றன. நீங்கள் காண்பது, கண்ணின் பின்புறம் ஒளியை உணரும் படலமான விழித்திரையில் விழும் அவற்றின் நிழலை. கண்ணைத் திருப்பினால் கூழும் கூடவே அசைகிறது, பிறகு எப்படிப் பிடிபடும்? வெளிச்சத்தில் கண்பாவை சுருங்குவதால் நிழல் கூர்மையாகிறது.

பழைய புள்ளி ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடுங்கள். சொட்டு மருந்துக்குக் கரையாது. ஆனால் திடீரெனப் புள்ளிகள் பெருகினாலோ, ஓரத்தில் மின்னல் வெட்டினாலோ, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். விழித்திரை கிழிந்திருக்கலாம். வெறும் கிழிசலோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் பெரும்பாலும் லேசரிலேயே சரிசெய்துவிடுவார்கள்.