பாங்கியில் ஆறு பேர், சபாக் பெர்ணமில் ஒருவர்

மலேசியாவின் தொகுதி எல்லை மறுசீரமைப்பு பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: ஐயா, ஆளுக்கு ஒரு ஓட்டுதானே? இதில் ஏற்றத்தாழ்வு எங்கே?

பதில்: எண்ணிக்கை ஒன்றுதான், எடைதான் வேறு. 2022 பொதுத்தேர்தலில் சிலாங்கூர் மாநிலத்துப் பாங்கி தொகுதியில் 3 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். அதே சிலாங்கூரில் வயல் சூழ்ந்த சபாக் பெர்ணமில் ஐம்பதாயிரத்துச் சொச்சம். இரண்டுக்கும் ஆளுக்கொரு எம்.பி.

2013இல் அதே மாநிலத்துக் காப்பாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேட்பாளரின் முகவராக உட்கார்ந்திருந்தேன். பெயர் வாசிக்க வாசிக்கப் பட்டியலில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டே மதியத்துக்குள் கை கடுத்துவிட்டது. அந்தத் தொகுதியில் 144,159 பேர், மத்திய அரசின் நிர்வாக நகரான புத்ராஜெயாவில் 15,791. அந்தப் பொதுத்தேர்தலில்தான் முதன்முதலாக விரலில் மை வைத்தார்கள். மை விரலைக் காட்டிச் சிரித்துக்கொண்டே போன பாட்டியிடம், உங்கள் ஓட்டுக்கு அங்கே உள்ளதில் ஒன்பதில் ஒரு பங்கு மதிப்புதான் என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: உட்பகுதி மக்களுக்குக் கூடுதல் எடை கொடுப்பது நியாயம்தானே?

பதில்: நியாயம்தான். சரவாக்கின் உலு ராஜாங் பரப்பளவில் நாட்டிலேயே ஆகப் பெரிய தொகுதி. பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் நீளவீடுகள் பலவற்றுக்கு ஆற்றில் படகு பிடித்துத்தான் போக வேண்டும். அதில் கைவைக்க நான் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது வரம்பு. 1957 அரசியலமைப்பு, சராசரிக்கு மேலும் கீழும் 15 விழுக்காடு வரை அனுமதித்தது. 1962 திருத்தம், நகரத் தொகுதியில் உள்ளவர்களில் பாதிப் பேர் இருந்தாலே கிராமத் தொகுதிக்குப் போதும் என்றது. 1973இல் அந்த வரம்பும் போய்விட்டது. இப்போது மிஞ்சியிருப்பது ‘ஏறக்குறைய சமம்’ என்கிற சொல்தான். எண் இல்லாத சட்டத்தை யாரும் எப்படியும் இழுக்கலாம். இல்லாவிட்டால், புத்ராஜெயா எந்த ஊர்க் கிராமம்?

கேள்வி: இதனால் ஆட்சியே மாறுமா?

பதில்: 2013இல் 51 விழுக்காடு ஓட்டு வாங்கிய கூட்டணிக்கு 89 இடம், 47 விழுக்காடு வாங்கிய கூட்டணிக்கு 133. முந்தியவருக்கே தொகுதி என்கிற முறைக்கும் இதில் பங்குண்டு. எல்லைக்கோட்டின் பங்கு சிறிதல்ல.

கேள்வி: மலேசியத் தமிழர்களான நாம் எங்கும் சிறுபான்மைதானே, நமக்கென்ன?

பதில்: ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு நம்மவர்கள் போய்ச் சேர்ந்தது கிள்ளான், காப்பார், காஜாங் பக்கம். வாக்காளர் நெருக்கடி அதிகமுள்ள இடங்கள் அவைதாம். தோட்டத்தை விட்டு வெளியேறியபோதே ஓட்டின் எடையையும் இழந்துவிட்டோம். வேறு யாரையும்விட நாம்தான் இதைக் கேட்க வேண்டும்.

கேள்வி: மாற்றுவதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டுமாமே?

பதில்: இடங்களை 222க்கு மேல் கூட்டவும், 15 விழுக்காட்டு வரம்பைத் திரும்பக் கொண்டுவரவும்தான் அது வேண்டும். இருக்கிற இடங்களுக்குள் கோட்டை நகர்த்த, மக்களவையில் பாதிக்கு மேல் போதும். தேர்தல் ஆணையம் பரிந்துரையைப் பார்வைக்கு வைத்ததும், பாதிக்கப்படும் தொகுதியில் 100 வாக்காளர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு மாதத்துக்குள் ஆட்சேபித்தால் விசாரணை நடத்தியாக வேண்டும். உங்கள் தாமான் குடியிருப்பில் 100 பேர் கிடைக்கமாட்டார்களா?