பல்லுக்குப் பின்னால் ஒட்டிய கம்பியை எடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. எட்டு வருஷத்துக்கு முன்பு பல்லுக்கு கிளிப் போட்டிருந்தேன். கழற்றும்போது கீழ் முன்பற்களின் உட்பக்கம் மெல்லிய கம்பி ஒன்றை நிரந்தரமாக ஒட்டிவிட்டார்கள். இப்போது அங்கே காரை படிகிறது, பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. 'இத்தனை வருஷம் ஆயிற்றே, இனிமேல் பல் எங்கே நகரப்போகிறது, எடுத்துவிடு' என்கிறார் அக்கா. எடுக்கலாமா டாக்டர்?

பதில்: அக்கா சொல்வதில் ஒன்றை மட்டும் முதலில் திருத்திவிடுகிறேன். எட்டு வருஷம் ஆனாலும் பல் நகரும். கிளிப்பே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏற கீழ் முன்பற்கள் நெருக்கியடிக்கத் தொடங்குவது வழக்கம்தான். அதற்காகக் கம்பியை எடுக்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை.

ரத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் கம்பியைச் சுற்றிப் படிந்த காரை. நாக்குக்கு அடியில் எச்சில் சுரக்கும் இடம் அது. கம்பி இல்லாதவர்களுக்கும் அங்கேதான் காரை சீக்கிரம் சேரும். ஆகவே முதலில் பல் டாக்டரிடம் போய் ஸ்கேலிங், அதாவது காரையைச் சுரண்டி எடுப்பது, செய்துகொள்ளுங்கள். அப்புறம் தினமும் இரவு, பல்லிடுக்கில் நுழையும் சின்ன பிரஷ்ஷைக் கம்பிக்கு அடியில் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ரத்தம் நின்று, ஈறும் இறுகிவிட்டால் கம்பியை எடுக்க அவசரமே இல்லை.

சுத்தமாக வைத்தும் ஈறு இறங்கிக்கொண்டே போனாலோ, கம்பிக்குக் கீழே சொத்தை விழுந்திருந்தாலோ எடுப்பதுதான் நல்லது. ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டிருந்தால் அதை மறுபடி ஒட்டிவிடலாம். ஆனால் பலர் கவனிக்காமல் விடுவது வேறொன்று. ஒட்டு எல்லாம் சரியாக இருக்கும், கம்பி மட்டும் லேசாக முறுக்கிக்கொண்டு பல்லை மெல்ல மெல்லத் திருப்பிவிடும். ஒரு பல் மட்டும் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கிறதா, ஏதாவது ஒரு வேர் ஈறுக்கு மேல் புடைத்துத் தெரிகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். அப்படித் தெரிந்தால் வலி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். விட்டுவிட்டால் அந்த வேரின் மேலுள்ள எலும்பும் ஈறும் தேய்ந்துபோகும்.

எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் ஊசிகூடத் தேவைப்படாது. ஒட்டிய பசையைச் சுரண்டி, கம்பியைக் கழற்றி, பல்லைப் பாலிஷ் செய்வார்கள். கவனமெல்லாம் அதற்குப் பிறகுதான் வேண்டும். கழற்றிய கையோடு, பல் நகராமல் பிடித்துவைக்க தினமும் இரவில் மாட்டிக்கொள்ளும் ரிட்டெய்னர் கைக்கு வந்துவிட வேண்டும். 'அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்' என்று விடாதீர்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வகை என்றால் வெந்நீரில் கழுவக் கூடாது, வளைந்துவிடும். நான்கு நாள் போடாமல் விட்டு மறுபடி மாட்டும்போது இறுக்கமாக இருந்தால், பல் நகர ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

பல் வரிசை குலையாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கும்வரை, எத்தனை வருஷமானாலும், இரவுதோறும் இதைப் போட்டாக வேண்டும். உங்களால் முடியுமா என்று நீங்களே மனதைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால், கம்பியைச் சுத்தமாக வைத்துக்கொண்டு அப்படியே விடுவதுதான் என் யோசனை. கிளிப் போடும் முன்பு பற்கள் மிகவும் திருகியோ இடைவெளி விட்டோ இருந்திருந்தால், எடுத்தபின் பழைய இடத்துக்குத் திரும்பும் வாய்ப்பு கூடுதல். அதனால் ஸ்கேலிங்குக்குப் போகும்போது பழைய போட்டோ, எக்ஸ்ரே எது இருந்தாலும் கையோடு எடுத்துப் போங்கள்.