ஓயாமல் சொறியும் கினி பிக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் கினி பிக் வளர்ப்பவர்கள் கூடிவிட்டார்கள் என்பது வருகிற கேள்விகளிலேயே தெரிகிறது. இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை அரிப்பு, முடி உதிர்தல் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி (மதுரை): கடையில் ஜோடியாக வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஆண் இரவு பகலாகச் சொறிகிறது. தோளிலும் முதுகிலும் முடி போய், பொடுகு மாதிரி உதிர்கிறது. தொட்டாலே கத்துகிறது. "வெயில் சூடு, தானா சரியாயிடும்" என்கிறார் கடைக்காரர். ஆகுமா?

பதில்: ஆகாது. விட்டால் முற்றும். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ட்ரிக்சாகரஸ் கேவியே என்ற மைட். மனிதனுக்குச் சிரங்கு உண்டாக்கும் பூச்சியின் நெருங்கிய உறவு இது. தோலுக்குள் குடைந்து போய் அங்கேயே முட்டையிடும். அளவு கால் மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் முடியை விலக்கி எவ்வளவு தேடினாலும் கண்ணில் படாது. நீங்கள் பார்ப்பதெல்லாம் அது விட்டுப்போன சேதாரத்தைத்தான்: தோள், முதுகு, தொடையின் உள்பக்கம் ஆகிய இடங்களில் தோல் தடித்து, மஞ்சள் கலந்த செதிலாகி, முடி கொத்தாகக் கையோடு வரும். கொஞ்ச நாளில் எடையும் குறையும்.

மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். பூச்சி ஆழத்தில் இருப்பதால் சில நேரம் சிக்காது. "ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் மைட்டுக்கு மருந்து போடலாம்" என்று அவர் சொன்னால் சந்தேகப்படாதீர்கள்; அடையாளங்களை வைத்துச் சிகிச்சை தொடங்குவது வழக்கம்தான்.

வழக்கமான மருந்துகள் இரண்டு. ஐவர்மெக்டின், பெரும்பாலும் தோலுக்கடியில் ஊசியாக. அல்லது செலாமெக்டின், பின்கழுத்தில் முடியை விலக்கித் தோலில் விடும் சொட்டு மருந்து. எதுவானாலும் பெண்ணுக்கும் சேர்த்துப் போடுங்கள். அது சொறியவில்லை என்பதால் அதனிடம் பூச்சி இல்லை என்று ஆகிவிடாது. சில கினி பிக்குகள் மாதக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாமல் இதைச் சுமக்கும். சினை, முதுமை, வேறு நோய், இடமாற்றம் என்று ஏதாவது ஒன்று வந்து எதிர்ப்புச் சக்தி குறையும்போதுதான் வெளியே தெரியும்.

கேள்வி (ஈரோடு): எங்கள் வீட்டில் ஆடு மாடு உண்டு. அப்பா ஐவர்மெக்டின் ஊசி வைத்திருக்கிறார். அதில் ஒரு சொட்டு கொடுத்தால் போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். கொடுக்கலாமா?

பதில்: மருந்து அதேதான். ஆபத்து அளவில் இருக்கிறது. பாட்டிலில் ஒரு சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். மாட்டுக்கு 50 கிலோ எடைக்கு ஒரு மில்லி என்று கணக்கு. உங்கள் கினி பிக் ஒரு கிலோ இருந்தால் பெரிது. அதற்குக் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் என்று மருத்துவர் முடிவு செய்தால் வேண்டியது 0.03 மில்லி. சாதாரணமாக ஒரு சொட்டு என்பதே 0.05 மில்லி வரும். ஆக, அந்த வீடியோவின் ஒரு சொட்டில் தொடக்கத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாகப் போய்விடுகிறது. முந்நூறு கிராம் குட்டியாக இருந்தால் ஐந்து மடங்குக்கு மேல்.

"இன்சுலின் சிரிஞ்சில் மூணு யூனிட்" என்று இன்னொரு கணக்கும் சுற்றுகிறது. நம் மருந்துக் கடைகளில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்ச் கிடைக்கும். ஆரஞ்சு மூடி போட்டதில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடியில் 40. ஆரஞ்சில் மூன்று யூனிட் எடுத்தால் 0.03 மில்லி. சிவப்பில் அதே மூன்று யூனிட் 0.075 மில்லி, இரண்டரை மடங்கு. இதைப் பார்க்காமல் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, மாட்டு மருந்துகள் சிலவற்றில் ஈரல் புழுவுக்கான குளோர்சுலானும் கலந்திருக்கும்.

வாய்வழி கொடுத்தால் உடம்பு எவ்வளவு ஏற்கும் என்பதும் நிச்சயமில்லை. கினி பிக்கைச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவர் மருந்தைச் சரியானபடி நீர்த்து அளவாகப் போடுவார்.

கேள்வி (சென்னை, மாதவரம்): சொறிந்துகொண்டே இருந்தது திடீரென்று பக்கவாட்டில் விழுந்து கால்களை உதைத்துக்கொண்டது. ஒரு நிமிடம் கழித்து எழுந்துவிட்டது. வலிப்பு நோயா?

பதில்: இன்றே கொண்டு போங்கள், நாளை வரை காத்திருக்க வேண்டாம். முற்றிய சொறியில் அரிப்பின் கொடுமையே வலிப்பு மாதிரியான துடிப்பைக் கிளப்பிவிடும். மறுபடி வந்தால் கையில் தூக்காதீர்கள், முதுகைத் தடவிச் சமாதானம் செய்யாதீர்கள். தொடத் தொட அரிப்பு தூண்டப்படும். துணி விரித்த சின்னப் பெட்டியில் விட்டு, வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்து அப்படியே எடுத்துப் போங்கள். குளிப்பாட்டவே கூடாது. துடிப்பை அடக்கவும், வலியைக் குறைக்கவும், பூச்சியைக் கொல்லவும் தனித்தனியே மருந்து தேவைப்படும்.

கேள்வி (கோவை): ஊசி போட்டோம். பத்தே நாளில் முடி முளைக்க ஆரம்பித்தது, விட்டுவிட்டோம். ஒரு மாதத்தில் பழைய கதை. மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், பதிலும் பெரும்பாலும் ஒன்றேதான். மருந்து வேலை செய்தது, நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஐவர்மெக்டின் உயிருள்ள பூச்சியைக் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. தோலுக்குள் இருந்த முட்டைகள் அப்புறம் பொரிந்து, வளர்ந்து, தாங்களும் முட்டையிடத் தொடங்குகின்றன. அதற்குள் அடுத்த ஊசி விழ வேண்டும். அதனால்தான் ஏழு முதல் பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று முறை. அரிப்பு நின்றதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அடுத்த ஊசித் தேதியை நாள்காட்டியில் குறித்து வைத்துவிடுங்கள், விலங்கு எவ்வளவு சுகமாகத் தெரிந்தாலும் சரி.

தேதி தவறாமல் போட்டும் திரும்பி வந்தால் மூன்று இடங்களில் பாருங்கள். முதலாவது, கூண்டில் கூட இருப்பது: அதற்கும் மருந்து போனதா? இரண்டாவது, கூண்டு. உதிர்ந்த செதிலோடு விழும் பூச்சிகள் துணியிலும் படுக்கையிலும் கொஞ்ச காலம் உயிரோடு கிடக்கும். ஒவ்வொரு ஊசி நாளன்றும் படுக்கையை முழுக்க மாற்றி, விரிப்புத் துணிகளைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். மரவீடு, குகை பொம்மை மாதிரி கழுவ முடியாதவற்றைத் தூக்கிப் போடுவதே சிக்கனம்.

மூன்றாவது, சாப்பாடு. நம்மைப் போலவே கினி பிக்கின் உடம்பாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். நோயிலும் சினையிலும் இன்னும் கூட. அது குறைந்தால் தோலும் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து தளரும், பூச்சிக்குக் கொண்டாட்டம். தண்ணீர்க் குப்பியில் வைட்டமின் சொட்டு கலப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. வெளிச்சத்தில் அது சீக்கிரம் வீணாகும். சுவை மாறினால் தண்ணீரே குடிக்காமலும் போகும். கால் குடைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி, வாரத்தில் சில நாள் கொய்யாத் துண்டு, அவ்வளவு போதும். கொய்யா இனிப்பு என்பதால் துண்டு சின்னதாக இருக்கட்டும்.

கேள்வி (திருநெல்வேலி): வேப்பெண்ணெய் தடவலாமா? கூண்டில் அந்துருண்டை போட்டால் பூச்சி ஓடிவிடும் என்கிறார்கள். நாய்க்கு வாங்கிய உண்ணிப் பவுடரும் இருக்கிறது.

பதில்: மூன்றும் வேண்டாம். தடவியதை அது நக்கித்தான் சுத்தம் செய்யும், ஆக வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போகும். தோலுக்குள் குடைந்திருக்கும் பூச்சியை மேலே பூசிய எண்ணெய் எட்டவும் செய்யாது. அந்துருண்டை விஷம், மூடிய கூண்டில் அதன் ஆவியே கெடுதல். நாய்க்கான பவுடர், ஷாம்பு, கழுத்துப்பட்டை எல்லாம் பத்து இருபது கிலோ உடம்பை மனதில் வைத்துச் செய்தவை. ஃபிப்ரோனில், அமிட்ராஸ் என்று லேபிளில் இருந்தால் கினி பிக் பக்கமே கொண்டுவராதீர்கள். எறும்புச் சாக்பீஸால் கூண்டைச் சுற்றிக் கோடு போடுவதும் இதே கணக்கில் சேரும். இதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள், அவர்களுக்கும் இதுவே பதில்.

கேள்வி (சேலம்): சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் பிடித்திருக்கிறது. குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மிச்சமிருக்கிறது. சில சொட்டு கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. இது உயிரைப் பறிக்கும். பெனிசிலின், அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவை கினி பிக்கின் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்துவிடும். அந்த இடத்தில் நஞ்சு சுரக்கும் பாக்டீரியா பெருகி, வயிற்றுப்போக்கில் தொடங்கி ஒரு சில நாளிலேயே இறந்துவிடும். அதற்கென்று ஒத்துக்கொள்ளும் ஆன்டிபயாடிக்குகள் தனியாக உண்டு. எந்த மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் "இது கினி பிக்குக்கு ஒத்துக்குமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாய், மாடு மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு அந்தக் கேள்வி உதவியாகவே இருக்கும்.

கேள்வி (தஞ்சாவூர்): மூன்று வயதுப் பெண். இடுப்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டுகிறது. சொறியவே இல்லை. மைட்தானா?

பதில்: சொறிவதில்லை என்று நீங்கள் எழுதியதுதான் முக்கியம். அரிப்பில்லாமல், கண்ணாடி பார்த்த மாதிரி இரு பக்கமும் சமமாகக் கொட்டினால், அந்த வயதுப் பெண்ணுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்க வாய்ப்பு அதிகம். வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். மூக்கு, கண், காது ஓரங்களில் வட்டமாகக் கொட்டிச் செதில் உதிர்ந்தால் படர்தாமரை. காதுக்குப் பின்னால் மட்டும் ஒரு காசளவு வழுக்கை என்றால் அது பிறவியிலேயே உள்ளது, விட்டுவிடுங்கள். அந்தப் பயத்தோடு படம் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி (புதுச்சேரி): முடியில் வெள்ளையாகச் சின்னச் சின்னதாக ஒட்டியிருக்கிறது. உதறினால் உதிரவில்லை. விலங்கு நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: பேனின் ஈராகவோ, முடியைப் பிடித்துத் தொங்கும் முடி மைட்டாகவோ இருக்கலாம். இரண்டும் தோலைக் குடைவதில்லை, அதனால் இவ்வளவு தொல்லை தருவதுமில்லை. பின்பக்க முடியில் செலோடேப்பை ஒட்டி உரித்து, அதை ஒரு கறுப்புத் தாளில் ஒட்டி உருப்பெருக்கியில் பாருங்கள். ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் மெலிந்த பூச்சி தெரிந்தால் பேன். அந்த டேப்பையே மருத்துவரிடம் கொண்டு போகலாம். சிகிச்சை கிட்டத்தட்ட அதே மருந்துகள்தான்.

கேள்வி (கொழும்பு, வெள்ளவத்தை): மகளின் முன்கையில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு, அரிப்பு. கினிப் பன்றியிடமிருந்து வந்திருக்குமோ?

பதில்: வந்திருக்கலாம். ட்ரிக்சாகரஸ் மனிதத் தோலில் கொஞ்ச நாள் அரிப்பு உண்டாக்கும், ஆனால் நம் மேல் நிலைத்து வாழாது. விலங்குக்குச் சிகிச்சை முடிந்ததும் அடங்கிவிடும். அதுவரை தூக்குகிறவர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். தடிப்பு வளையமாக விரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது தானாகப் போகாது, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (திருச்சி): வராமல் தடுக்க மாதாமாதம் ஐவர்மெக்டின் போட்டுவிடலாமா? புதிதாக ஒன்று வாங்கப் போகிறோம்.

பதில்: நோய் இல்லாத விலங்குக்கு மாதாமாதம் மருந்து ஏற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. புல்லில் வருகிறது, வைக்கோலில் வருகிறது என்று நிறையச் சொல்கிறார்கள். அருகம்புல்லையும் குதிரைமசாலையும் வீணாகப் பழி சொல்கிறோம். சொறி மைட் முக்கியமாக இன்னொரு கினி பிக்கோடுதான் வீட்டுக்குள் வருகிறது, அதிலும் ஒரே கூண்டில் இருபதை அடைத்து வைக்கும் கடையிலிருந்து. ஆகவே உங்கள் காவல் அந்தப் புதிய விலங்கின் மேல் இருக்கட்டும். மூன்று வாரமாவது வேறு அறையில் வையுங்கள். தீவனம் போடுவது பழையதற்கு முதலில், புதியதற்குப் பிறகு. துடைக்கும் துணி, கிண்ணம் எல்லாம் தனித்தனி. வாரம் ஒருமுறை இரண்டையும் நிறுத்து எடையைக் குறித்து வையுங்கள். முடி போவதற்கு முன்பே எடை இறங்குவது தெரியவரும். மூன்று வாரத்தில் சொறிதலோ செதிலோ தென்பட்டால் சேர்க்காதீர்கள், சிகிச்சையை முழுதாக முடித்துவிட்டு அப்புறம் சேர்த்துவிடுங்கள். பெண்ணாக வாங்கினால் சினையா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் இல்லை என்றாலும் மருத்துவரிடம் வயிற்றைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சினை என்றால் மருந்தும் நேரமும் அதற்கேற்ப மாறும்.